அடுத்த வாரப் பாடம்

"உங்க வீட்டுக்காரர் செத்துட்டார் மேடம்" என்றார் விசில் சார். "இன்னிக்கு மட்டும் மூணாவது தடவை."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நீல அரைக்கைச் சட்டை போட்ட உருவம் படகுக்குப் பின்னால் குப்புற மிதந்துகொண்டிருந்தது.

சட்டை மட்டும்தான் கணவருடையது. உள்ளே இருந்தது ரப்பரும் தக்கையும் அடைத்த பொம்மை. ஓடுகிற படகிலிருந்து ஆள் விழுந்தால் படகைத் திருப்பி வந்து தூக்க வேண்டும். படகு கிளப்பின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இதைத் தேறாமல் யாரும் தனியாகப் படகை எடுக்க முடியாது. பொம்மைக்கு வீட்டு ஆளின் சட்டையைப் போட்டுவிட்டால் அக்கறை தன்னால் வரும் என்பது பயிற்சியாளரின் சொந்தக் கண்டுபிடிப்பு. கழுத்து விசிலை அவர் தூக்கத்திலும் கழற்றமாட்டார் என்று கிளப்பில் ஒரு பேச்சு.

நிஜக் கணவர் படகுத்துறை பெஞ்சில் ஃபிளாஸ்க்கும் துண்டுமாக உட்கார்ந்திருந்தார். தான் மூன்றாவது தடவை செத்ததைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று கையை ஆட்டினார்.

அந்தக் கையாட்டல் அவளைக் கொல்லாமல் கொன்றது. போன வருஷம் இதே ஏரியில் இரண்டு பேரும் பாய்ப்படகில் போனார்கள். ஏதோ வாய்ச்சண்டை. சுக்கானை அவள் கையில் கொடுத்துவிட்டு, சிக்கிய கயிற்றை எடுக்க எழுந்தவர், சண்டையையும் விடாமல் தொடர்ந்ததில் கால் தடுமாறித் தண்ணீரில் விழுந்தார். படகு அது பாட்டுக்குப் போய்விட்டது. மிதவையைக் கட்டிக்கொண்டு கிடந்தவரை மீன் பிடிக்க வந்த யாரோ தூக்கிப் போட்டுக் கரை சேர்த்தார்கள்.

அதற்கு அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. "பாவம், அவளுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இத்தனை வருஷம் பக்கத்துல உக்கார வெச்சு ஓட்டினேனே, ஒரு நாள் சொல்லிக் குடுத்தேனா? தப்பு என் மேலதான்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பழியைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டார். இந்தத் தடவை வகுப்பு ஆரம்பித்ததும் முதல் ஆளாக அவளைச் சேர்த்தும் விட்டார்.

"நீ பாஸ் பண்ணு. அப்புறம் நீ ஓட்டு, நான் சும்மா உக்காந்து வரேன்" என்று தினமும் சொல்வார். தப்பு யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அவர் நல்லவராக இருக்க இருக்க, அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"இன்னொரு வாட்டி பார்க்கலாமா மேடம்?"

"வேணாம் சார். எனக்கு வராது."

"வராதுன்னு ஒண்ணு கிடையாது. என் மாமியாருக்கே வந்துடுச்சு."

பொம்மையைக் கொக்கிக் கம்பால் இழுக்க விசில் சார் விளிம்பில் சாய்ந்தார். திடீரென்று காற்று தூக்கியடித்தது. படகு ஒரு பக்கம் சரிந்து நிமிர்ந்தபோது, படகில் அவள் மட்டும் இருந்தாள்.

லைஃப் ஜாக்கெட் அவரை மேலே கொண்டுவந்துவிட்டது. ஆனால் விழும்போது விளிம்பில் இடித்த தோள் அசையவில்லை. காற்று அவரை மதகுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது, மதகு திறந்திருந்தது. விசிலை ஊதிப் பார்த்தார். தண்ணீர்தான் வந்தது.

"ஐயோ, அவளுக்குத் திருப்பத் தெரியாதே, யாராவது போங்களேன்" என்று துறையிலிருந்து கணவரின் குரல் கேட்டது.

சுக்கானைப் பிடித்த அவள் கை ஒரு கணம் அசையாமல் இருந்தது. அந்த ஒரு கணம் அவளுக்குப் பழக்கமானதுதான். இன்னொரு தடவை அதைச் சுமக்க அவளுக்குத் தெம்பில்லை.

சுக்கானைத் தள்ளினாள். பாய் படபடத்து மறுபக்கம் சாய, குனிந்து இடம் மாறி உட்கார்ந்தாள். அவரை நோக்கி நேராகப் போகாமல், காற்றுக்குக் கீழ்ப்பக்கமாக ஒரு வளைவு போட்டு வந்து, கிட்டே நெருங்கியதும் பாய்க்கயிற்றைத் தளர்த்தினாள். படகு சொன்ன பேச்சைக் கேட்டு அவர் பக்கத்தில் நின்றது. ஜாக்கெட்டின் தோள்பட்டியைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு அவரை உள்ளே இழுத்துப் போட்டாள்.

விசில் சார் இருமி முடிக்க நேரமாயிற்று. "மேடம், பாயைத் தளர்த்தி நிறுத்துறது அடுத்த வாரப் பாடமாச்சே" என்றார்.

அவள் படகைத் துறைக்கு ஓட்டினாள்.

கணவர் ஓடிவந்து கயிற்றைக் கட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. "மூணே வாரத்துல எப்படி சார் இவ்வளவு சொல்லிக் குடுத்தீங்க?"

"நான் எங்க சொல்லிக் குடுத்தேன்? இது பல நாள் பழகின கை" என்றார் விசில் சார், தோளைப் பிடித்துக்கொண்டே. "யாருகிட்ட மேடம் கத்துக்கிட்டீங்க?"

அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. யோசிக்கிறதற்கு முன்னால் வாய் முந்திக்கொண்டது.

"மத்தியானத்துல இவர் படகுலயே அசந்து தூங்கிடுவார் சார். அப்பல்லாம் இவர் முழிக்கிற வரைக்கும் நான்தான் ஓட்டுவேன், வருஷக்கணக்கா."

விசில் சார் சிரித்தார். கணவரும் சிரிக்கத்தான் தொடங்கினார். அவள் தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டிருந்த அவர் கை பாதியில் நின்றது.

"அப்போ, அன்னிக்கு ஏன் திருப்பல?"