கிணற்றுத் தண்ணீர்

சன்னல் வெயில் கண்ணாடித் தொட்டிக்குள் இறங்கி நிற்கிறது. தாய்க் கூனி இறாலொன்று பாசியைப் பற்றியபடி, வயிற்றுக்கடியில் ஒட்டியிருக்கும் முட்டைகளைச் சிறுகால்களால் விசிறுகிறது. தொட்டியில் தண்ணீர் பாதிக்கும் கீழே வற்றிவிட்டது. யோகமலர் நிரப்பவில்லை. போன மாதம், ஊரடங்குக்கு அரைமணி நேரம் இருக்க, "குழாய்த் தண்ணியில மருந்து, இறாலுக்கு ஆகாது. கிணத்துத் தண்ணி கொண்டு வாங்கோ" என்று கணவனை அனுப்பியவள் அவள்தான். "உன்ர இறாலுக்கு நான் தண்ணிக்காரன்" என்று சிரித்துக்கொண்டு போனவர், லிங்கநகர்ச் சந்தியில் துப்பாக்கிச் சூடுபட்டுச் செத்து விழுந்தார். அதற்கு முதல்நாள் அவர் அள்ளி ஊற்றிய தண்ணீர்தான் தொட்டியில் மிச்சமிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பரீனா வாளியோடு நிற்கிறாள். "அதே கிணத்துத் தண்ணிதான் அக்கா. முட்டையோட செத்துப்போகும். ஊத்தட்டா?" யோகமலர் இரண்டு கைகளாலும் தொட்டியின் வாயை மூடுகிறாள். அவள் கைநிழல் விழ, தாய் இறால் விசிறுவதை நிறுத்துகிறது. கைகளை எடுக்கிறாள். "மெல்ல ஊத்து, பரீனா. அவர் போனது இதுக்குத்தானே." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கிறாள்.