இன்னிக்கு ரத்தம் வேண்டாம்

"இன்னிக்கு ரத்தம் வேண்டாம். கேள்வி மட்டும்தான்," என்றார் விஞ்ஞானி அம்மா.

அவருடைய ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுக்க வந்துகொண்டிருந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், மடித்த சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"காலையில சாப்பிட்டீங்களா?"

"ஆச்சும்மா. நீங்க?"

"இனிமேதான்."

"ரத்தக்குழாய் அடைப்புக்கு ஏதோ ஆர்.என்.ஏ.ன்னு சொன்னீங்களே, அது என்னதான் பண்ணுது?"

"புரதம் எதுவும் தயாரிக்காது. வெட்டியா கிடக்குதுன்னு ஒதுக்கி வெச்சிருந்தாங்க. பார்த்தா, குழாய்ல கொழுப்பு படியுறதைச் சிலது கூட்டுது, சிலது குறைக்குது."

"ரிட்டையர் ஆன என்னை மாதிரி. வேலை கிடையாது, அதிகாரம் மட்டும் உண்டு."

விஞ்ஞானி அம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

நெடுநேரம் பேசிவிட்டு டிரைவர் கிளம்பியதும், புதிதாகச் சேர்ந்த உதவியாளர் சொன்னார்: "பாவம், பேச்சுத்துணைக்கு ஆள் இல்ல போல. கூப்பிட்டா ஓடி வந்துடறார்."



வீட்டில் பேரப்பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே டிரைவரின் மனைவி கேட்டாள்: "அந்த ஆராய்ச்சிதான் போன வருஷமே முடிஞ்சுபோச்சே. இன்னும் எதுக்குப் போறீங்க?"

"அவங்க கூப்பிடறாங்க."

"முடிஞ்சது எனக்கும் தெரியும்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லிட்டா, அப்புறம் அவங்களை யாரு சாப்பிட்டீங்களான்னு கேப்பாங்க?"