நனையாத சோப்பு

கொரோனா நாட்களில் ஓர் ஆஸ்பத்திரி வார்டு. வாஷ்பேசினில் ஒரு புதுச் சோப்பு; அதற்கு மேலே சுவரில், கை கழுவும் முறையைப் படம் போட்டுக் காட்டும் போஸ்டர்.

"நர்ஸ் பிலோமினா என்னை அப்படியே ஒப்பிச்சு, நேத்துப் பரீட்சையில இருபதுக்கு இருபது வாங்கிட்டா," என்றது போஸ்டர்.

"நல்லது. நான் வந்து நாலு நாளாச்சு, இன்னும் நனையலை," என்றது சோப்பு.

"அவதான் கையுறை போட்டிருக்காளே. உனக்கென்ன பொறாமை?"

இருமிக்கொண்டிருந்த மூன்றாம் கட்டில்காரரின் வாயைத் துடைத்த அதே கையுறையோடு, வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகவிருந்த நாலாம் கட்டில் கமலவேணியின் வாயில் மாத்திரையைப் போட்டாள் பிலோமினா.

வெள்ளிக்கிழமை கமலவேணி காய்ச்சலோடு கொரோனா வார்டுக்குப் போனாள்.

மேலிடம் பதறிப்போய், இன்னும் பெரிதாக ஒரு போஸ்டரை ஒட்டச் சொன்னது. ஒட்டியவர் கையிலிருந்த பசையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு போனார்.