எழுபதில் வைத்த வெல்டிங்

“திறந்து மூடுற மாதிரி எதுவும் வேண்டாம்ணே. ஸ்க்ரூகூட வேண்டாம். நாலு பக்கமும் வெல்டிங் வச்சு ஒரேடியா அடைச்சிருங்க” என்றான் வேலைக்குக் கூப்பிட்ட ஆள்.

வெல்டர் கிரில்லை ஜன்னலின் இரும்புச் சட்டத்தோடு நிறுத்தி, அளவு பார்க்கிற சாக்கில் அறையையும் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

கட்டில் ஓரத்தில் ஒரு பெண். தாடையில் அடிபட்ட தடம், நீலம் மங்கி மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அவர் உள்ளே வந்ததிலிருந்து தலை நிமிரவில்லை.

பூப்போட்ட உறை போட்ட அவளுடைய போன் அந்த ஆளின் சட்டைப் பையில் இருந்தது. அது அடிக்க அடிக்க அவன் கட் பண்ணிக்கொண்டே இருந்தான். நடுநடுவே வாசலை வேறு எட்டிப் பார்த்தான்.

புருஷன்காரனைத் தவிர யார் இப்படிக் காவல் நிற்பார்கள்?

“ஒரு பக்கம் கீல் வச்சுக்கலாமே தம்பி. தீ கீ பிடிச்சா வெளிய வரணுமில்ல?”

“சொன்னதைச் செய்ங்கண்ணே.”

வெல்டர் கிரில்லைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

அவருடைய அக்கா வீட்டிலும் இப்படி ஒரு ஜன்னல் இருந்தது. மச்சான் கேட்டார் என்று இவரே போய் முழு வெல்டிங் வைத்துக் கொடுத்து, காபியும் குடித்துவிட்டு வந்தார். ஆறு மாதம் கழித்து அந்த கிரில்லை அறுத்துத்தான் அக்காவின் உடலை வெளியே எடுத்தார்கள்.

முடியாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம். ஆனால் தெருவுக்கு நாலு வெல்டர் இருக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் வேறொருத்தன் வந்து அடைத்துவிட்டுப் போவான்.

மெஷின் முன்னால் குந்தினார். கரண்டை நூற்றுப்பத்து ஆம்பில் வைத்தால் இரண்டு இரும்பும் உருகி ஒன்றாகிவிடும். அதற்கப்புறம் யானை வந்து முட்டினாலும் அசையாது. எழுபது வைத்தால் வெல்டிங் மேலோடு படியும், உள்ளே இறங்காது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் உள்ளேயிருந்து ஓங்கி ஒரு உதை விட்டால் பெயர்ந்து விழும்.

இருபது வருடத் தொழிலில் தெரிந்தே அப்படி ஒன்று அவர் வைத்ததில்லை.

குமிழை எழுபதுக்குத் திருப்பினார். அந்தக் குறைந்த கரண்டில் வெல்டிங் ராடு பற்றாமல் இரும்பிலேயே ஒட்டிக்கொண்டது, ஒரு தடவை, இரண்டு தடவை.

“என்னண்ணே ஆச்சு?” குரல் முதுகுக்குப் பின்னால் வந்தது.

“கரண்ட் கம்மியா வருது” என்றார்.

நாலு பக்கமும் முடித்ததும் அவன் வந்து கிரில்லை இரண்டு கையாலும் பிடித்து, சுவரில் கால் வைத்து இழுத்தான். வெல்டர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

நல்லவேளை, தாங்கியது. அவன் பெருமூச்சு விட்டான்.

கேபிளைச் சுற்றிக்கொண்டே வெல்டர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை நிமிர்ந்தால் போதும், கண்ஜாடையில் சொல்லிவிடலாம்.

நிமிர்ந்தாள்.

“வெளியிலேருந்து கடப்பாரை போட்டு நெம்புனா தாங்குமாண்ணே?”

அவருக்கு முதலில் புரியவில்லை.

“நெம்ப வரப்போறது இவ புருஷன்ணே” என்றான் அந்த ஆள். சொல்லவே கூச்சப்பட்டான். “அடி தாங்காம எங்கிட்ட வந்துட்டா. முந்தாநாள் இந்த ஜன்னல் வழியா ஏறி வந்துட்டான். கூடப்பொறந்தவன் நான், பக்கத்து ரூம்லதான் இருந்தேன். அஞ்சு நிமிஷம் பிந்தியிருந்தா...”

போன் மறுபடி அடித்தது. “இந்தா, அவன்தான். இன்னைக்கு வருவேன்னு காலையிலேயே மெசேஜ் போட்டுட்டான்.”

வெல்டர் சுற்றிய கேபிளைக் கீழே போட்டார். பழையதைப் பெயர்த்தால்தான் புதிதாக வைக்க முடியும். சுத்தியலை எடுத்து, கீழ் மூலையில் ஒன்று போட்டார்.

ஒரே அடிதான். வெல்டிங் பொருக்காகக் கழன்று அவள் காலடியில் விழுந்தது. அது இருந்த இடத்தில் சட்டம் உருகின தடமே இல்லை.

அண்ணன்காரன் குனிந்து அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தான்.

அவள் அந்தத் துண்டைப் பார்த்தாள். பிறகு வெல்டரைப் பார்த்தாள். மெல்ல நகர்ந்து, முதுகு சுவரில் முட்டும்வரை பின்னால் போனாள்.

“உங்களை அனுப்புனதே அவருதானா?”