நோவியின் கடைசிக் கேள்வி

டீக்கடையில் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள் அவள்.

பால் பட்டால் சளி கட்டும். சளி கட்டினால் குரல் போச்சு. குரலும் போய்விட்டால் எதிரே இருக்கிற டப்பிங் தியேட்டரில் அவளுக்கு என்ன வேலை?

பக்கத்துப் பெஞ்சில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வாய்ச்சண்டைதான். இருவர் கழுத்திலும் ஆபீஸ் அட்டை தொங்கியது.

பேச்சு முழுக்க ‘சாம்பல் கிரகம்’.

மூன்று பாகம் வந்து, அப்புறம் பத்து வருடம் மூச்சுக் காட்டாமல் கிடந்த வெளிநாட்டுப் படம். இப்போது யாரோ புது ஆட்கள், அக்காவும் தம்பியுமாம், நாலாம் பாகத்தை எடுத்து முடித்துவிட்டார்கள்.

“கெடுத்துடுவாங்க மச்சான், பாரேன். இதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் பேய்ப்படம்தானே எடுத்துட்டு இருந்தாங்க?”

“பேய்ப்படம் எடுத்தவங்களுக்குத்தாண்டா இருட்டுன்னா என்னன்னு தெரியும். விண்வெளி பூரா இருட்டுதானே?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சொந்தத் தங்கச்சியைப் பெண் கேட்டு வந்த குடும்பத்தை விசாரிப்பதுபோல அல்லவா விசாரிக்கிறார்கள்!

“எவன் எடுத்தா என்ன? நோவி ‘சாப்டியா’ன்னு கேக்கணும். கேக்கலையா, நான் பாதியிலயே எந்திரிச்சு வந்துடுவேன்.”

“டேய், இங்கிலீஷ்ல அந்த டயலாக்கே கிடையாதுடா. நான் பாத்துட்டேன். நோவி சும்மா அணைஞ்சு போயிடும், அவ்ளோதான்.”

“அப்ப இங்கிலீஷ்காரன் தப்பா எடுத்துட்டான்.”

வெந்நீர் அவளுக்குப் புரையேறியது.

நோவி ஒரு ரோபோ. ஆளில்லாத கிரகத்தில் கேப்டனுக்கு இருந்த ஒரே துணை. மூன்றாம் பாகத்தின் முடிவில் பேட்டரி தீர்ந்து சாகும். சாகப்போகிற அந்த நேரத்தில் கேப்டனைப் பார்த்து “சாப்டியா?” என்று கேட்கும். விளக்கு அணையும்.

தமிழ்நாடே அழுதது.

தமிழ்நாடு மட்டும்தான் அழுதது. ஏனென்றால் அந்த வரியை யாருமே எழுதவில்லை.

மூன்றாம் பாகத்துக்குத் தமிழ் டப்பிங் நடந்த அன்றைக்கு, நோவியாக அவள் பேச வேண்டியதெல்லாம் பேசி முடித்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் என்ஜினியர் பெஞ்சமின். சம வயது, வாடா போடா பழக்கம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்திருந்தான். மைக் ஓடிக்கொண்டிருப்பதை மறந்து அவனிடம் கேட்டுவிட்டாள்.

திரும்பப் போட்டுப் பார்த்தால், அந்தக் கேள்வி நோவியின் கடைசி மூச்சில் போய் உட்கார்ந்திருந்தது.

“ஐயோ, அழிச்சுடுடா!”

“நோவிக்குத்தான் வாயே இல்லையே. லிப் சிங்க் சரியில்லைன்னு எவன் கேக்கப் போறான்? இருக்கட்டும்” என்றான்.

எவனும் கேட்கவில்லை.

பெஞ்சமின் போன வருடம் போய்ச் சேர்ந்தான். படுபாவி, சொல்லாமல் கொள்ளாமல்.

இன்று நாலாம் பாகத்துக்குக் குரல் தேர்வு. அவளைத் தவிர இன்னும் சில பேர் வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எல்லாம் இளசுகள். புது இயக்குநர்கள் கறாராம். தாளில் இருப்பதற்கு மேல் ஒரு எழுத்து கூடக் கூடாது என்று மேனேஜர் போனிலேயே சொல்லிவிட்டார்.

நோவியை இன்னொருத்திக்குத் தாரை வார்க்க அவளுக்கு மனசில்லை.

எழுந்தாள்.

“அக்கா, பையை விட்டுட்டுப் போறீங்க” என்று குரல் கொடுத்தான், ‘எந்திரிச்சு வந்துடுவேன்’ என்றவன்.

வாங்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வாள்.

உள்ளே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவள்தான் இப்போது சவுண்ட் என்ஜினியர். பின்னால் மேனேஜர், கையில் தாளோடு.

திரையில் நோவி சாம்பலுக்குள்ளிருந்து கண் விழித்தது.

மைக் முன்னால் நின்று அவள் பேசினாள். முதல் வரி கொஞ்சம் பிசிறியது. இரண்டாவதில் நோவி வந்துவிட்டது. அட, எங்கேயும் போகவில்லை, உள்ளேயேதான் இருந்திருக்கிறது.

தாளில் இருந்த கடைசி வரியும் முடிந்தது.

படம் மட்டும் இன்னும் ஓடியது. கேப்டன் நோவியின் முன்னால் வந்து மண்டியிட்டான். தாடி நரைத்திருந்தது. கன்னம் ஒட்டிக் கிடந்தது. இத்தனை வருடம் என்னத்தைத் தின்றானோ.

நோவி அவனைப் பார்க்கிறது. அவ்வளவுதான் காட்சி. சும்மா பார்க்க வேண்டும்.

ஹெட்போனைக் கழற்றப் போன கை பாதியில் நின்றது.

கேட்காவிட்டால் டீக்கடையில் பார்த்த அந்தப் பையன் பாதியில் எழுந்து வந்துவிடுவான். அது கிடக்கட்டும். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிக் கேட்காமல் இருப்பது?

“சாப்டியா?”

மேனேஜர் வெடுக்கென்று நிமிர்ந்தார். தாளைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். அவர் பேசுவது கண்ணாடி வழியே மங்கலாகக் கேட்டது.

“இது எங்க இருக்கு? அதை எடுத்துடும்மா.”

அந்தப் பெண்ணின் கை ஸ்டாப் பட்டன் பக்கமே போகவில்லை. வரி முடிந்ததும் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாமல்தான் உட்கார்ந்திருந்தாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“நோவிக்குத்தான் வாயே இல்லையே சார். இருக்கட்டும்.”

பிறகு இந்தப் பக்கம் திரும்பி, பேசுகிற பட்டனை அழுத்தினாள். ஹெட்போனுக்குள் அவள் குரல் கரகரத்தது.

“இன்னும் இல்லக்கா.”