டெக் டிக்கெட்

"நானா, அந்தக் கப்பல்ல கம்பி ஓரமா நின்னு கையை வெளியே நீட்டலாமா?"

'நானா' என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்ட குரலுக்குக் காதர் மைதீன் நிமிர்ந்து பார்த்தார். காஜா பேராங் கடைத்தெருவில் எத்தனையோ வருஷமாகக் கப்பல் டிக்கெட் விற்கிறவர். சாப்பாடு சைவமா என்று கேட்டவர்கள் உண்டு, கக்கூஸ் சுத்தமா என்று கேட்டவர்கள் உண்டு. கையை நீட்டலாமா என்று கேட்ட முதல் ஆள் இந்த அஞ்சலைதான்.

செங் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தாள். மகன் கணேசமூர்த்திக்குச் சொந்தமாக இரண்டு லாரி. 'நாட்டுக்கே மெர்டேக்கா வந்து சுதந்திரம் கிடைச்சிருச்சு, நீங்களும் நாகப்பட்டினம் வரைக்கும் ஒரு ஹாலிடே போயிட்டு வாங்கம்மா' என்று அனுப்பியிருக்கிறானாம்.

"கை எதுக்கும்மா நீட்டணும்? காத்து வாங்கத்தானே போறீங்க? புது வெள்ளைக் கப்பல் ஒண்ணு இருக்கு. மெத்தை, மின்விசிறி எல்லாம் உண்டு. சுத்திலும் கண்ணாடி போட்ட வராந்தா. ஒரு சொட்டுத் தண்ணி மேல படாது."

"கண்ணாடியைத் திறக்க விடுவாங்களா?"

"அதெல்லாம் விடமாட்டாங்க."

"அப்ப வேணாம்."

"சரி, கொழும்பு வழியாப் போற சீமைக் கப்பல். பாட்டு, கூத்து, வகைவகையாச் சாப்பாடு."

"பினாங்கு தாண்டினா ஒரு தீவு தெரியும்ல, அந்தப் பக்கம் பகல்ல போகுமா, ராத்திரியா?"

"ராத்திரி."

"அதுவும் வேணாம்."

காதர் மைதீனுக்கு மூக்கு வேர்த்தது. ஹாலிடே போகிறவளுக்குப் பகலென்ன, ராத்திரியென்ன?

"மிச்சம் பழைய கப்பல்தான். ஆமை மாதிரி ஊர்ந்து போகும். ஆட்டமும் ஜாஸ்தி. அது அந்தப் பக்கம் போறப்ப நல்ல வெயிலா இருக்கும்."

அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அதுலயே போடுங்க நானா!"

"கேபின் எழுதட்டுமா?"

"ஐயோ, கேபின் வேணாம். டெக் போதும். கம்பி ஓரம்."

கேட்டீர்களா கதையை! லாரி முதலாளியைப் பெற்றவள் திறந்தவெளி டெக்கில் பாய் விரித்துப் படுக்கப் போகிறாளாம். காதில் பூ வைத்தவன் யாராவது இருந்தால் அவனிடம் சொல்லலாம்.

அஞ்சலை அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணு நானா. கடல்ல ஏதாச்சும் போட்டா, கப்பல்காரங்க பிடிச்சுக்குவாங்களா?"

"என்ன போடப் போறீங்க?"

"சும்மா கேட்டேன். நாளைக்குப் பணத்தோட வர்றேன்."

விடுவிடுவென்று போய்விட்டாள். காதர் மைதீனுக்குச் சந்தேகம் விழுந்தது.

காரணம் இருக்கிறது. போன வருஷம் இப்படித்தான் நெற்றி நிறையத் திருநீறோடு ஒருவர் டிக்கெட் வாங்கிப் போனார். நாகப்பட்டினம் நெருங்கியதும் ரப்பர் குழாயில் தங்கத்தை அடைத்துக் கடலில் போட்டார். பொறுக்க வந்த படகும் பிடிபட்டது, அவரும் பிடிபட்டார். 'டிக்கெட் கொடுத்தவன் எவன்?' என்று மாத்தா, அதுதான் போலீஸ், நேரே கடைக்கே வந்துவிட்டது. லைசென்ஸ் தப்பியது அல்லா புண்ணியம். இன்னொரு தடவை மாட்டினால் கடையை இழுத்துப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்.

சூடு கண்ட பூனை சும்மா இருக்குமா? சுங்க இலாகாவில் வேலை பார்க்கும் கருணாகரனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். மறுநாள் கருணாகரன் கடை பெஞ்சில் வாடிக்கையாளர் மாதிரி பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அஞ்சலை வந்தாள். பணத்தை மேசைமேல் வைத்தாள். காதர் மைதீன் தொடவில்லை.

"பணம் இருக்கட்டும். மனசுல எதையும் மறைக்காமச் சொல்லணும். கேபின் வேணாம்ங்கிறீங்க, கண்ணாடி வேணாம்ங்கிறீங்க, தீவு தெரியணும்ங்கிறீங்க. கடல்ல என்னத்தைப் போடப் போறீங்க? சொன்னாத்தான் டிக்கெட்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கருணாகரன் பேப்பரைத் தாழ்த்தினார். 'மாட்டிக்கிட்டா' என்று நினைத்துக்கொண்டார் காதர் மைதீன்.

"சொல்லுங்க. எதைப் போடப் போறீங்க?"

"பால் நானா."

"பாலா?"

"கொஞ்சூண்டு பால். ரெண்டு பூ." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முந்தானையை விலக்கிச் சொன்னாள். "கணேசனுக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான். நாகப்பட்டினத்துல கப்பலேறி இங்க வர்றப்ப பேதியில போயிட்டான். எட்டு மாசப் பிள்ளை. டெக்லதான் வந்தோம். துணியில சுத்தி, அந்தக் கம்பி ஓரமாக் கடல்ல இறக்கி விட்டுட்டாங்க. அப்பத்தான் தூரத்துல தீவு தெரிய ஆரம்பிச்சுச்சு. மத்தவங்க பிள்ளைக்கு ஒரு பிடி மண்ணாச்சும் இருக்கு, போயிப் பால் ஊத்துறாங்க. என் பிள்ளைக்கு யாரு இருக்கா? வீட்டுக்காரரும் போயிட்டாரு. இது கணேசனுக்குக்கூடத் தெரியாது நானா."

கருணாகரன் பேப்பரை மடித்துப் பெஞ்சில் வைத்துவிட்டு வெளியே இறங்கிப் போனார்.

காதர் மைதீனுக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூசியது. பெற்ற வயிற்றையா கள்ளக் கடத்தல்காரி என்று நினைத்தோம்! பேனாவை எடுத்தார். டிக்கெட் புத்தகத்தைப் பிரித்தார்.

"யா அல்லா... கம்பி ஓரமாவே இடம் பார்த்துப் போடச் சொல்றேன் தங்கச்சி. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. வேற என்ன வேணும்? இந்த அண்ணன்கிட்ட வாய் திறந்து கேளு."

அஞ்சலை கண்ணைத் துடைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"இந்தத் தடவையாச்சும் அந்த இடத்துல கப்பலைக் கொஞ்சம் நிப்பாட்டுவாங்களா நானா? அப்ப ஓட ஓடவே போட்டுட்டாங்க."