எள்ளுப்பூ மூக்கு

படத்திலிருந்த அம்மாளுக்கு இரண்டு மூக்கு.

டாக்ஸிக்காரர் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார். இரண்டேதான். ஒன்று நேராக, ஒன்று பக்கவாட்டில். கண்ணோ மூன்று. கன்னம், உடைந்த ஓடுகளை அவசரத்துக்கு ஒட்டவைத்த மாதிரி கோணல்மாணலாகக் கிடந்தது.

பக்கத்தில் மகள், ஒன்றும் அறியாதவள் போல நின்றாள்.

வரும்போதே அவருக்குச் சந்தேகம்தான். வீட்டுக் கேட்டில் டாக்ஸியை உரசிய நாளிலிருந்து, ஒன்று கண் ஆஸ்பத்திரிக்கு வாங்க, இல்லை சாவியைக் கொடுங்க என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, கேட்தான் நகர்ந்து வந்து இடித்தது என்று அவரும் விடாமல் சாதித்துவந்தார். அப்படிப்பட்டவள் இன்றைக்குத் திடீரென்று, மியூசியத்துக்குப் போய்ப் படம் பார்க்கலாம் என்றால்?

இப்போது விளங்கிவிட்டது.

சுவரில் படம். தரையில் கோடு. கோட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள நாற்காலி போட்டு ஒரு ஆள். இது கண் பரிசோதனை இல்லாமல் வேறென்ன? பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காதவன்தானே என்று எழுத்துக்குப் பதில் ஒரு அம்மாளை மாட்டியிருக்கிறார்கள்.

இடக்கண்ணை மூடினார். இரண்டு மூக்கு.

வலக்கண்ணை மூடினார். அப்போதும் இரண்டு.

சட்டைப்பையில் சாவி கனத்தது. அது போனால், டி.வி. முன்னால் உட்கார்ந்து மருமகன் போடுகிற சேனலுக்குத் தலையாட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"என்னப்பா தெரியுது?" என்றாள் மகள்.

"ஏன், என் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு? லட்சணமான பொம்பளை. ரெண்டு கண்ணு. எள்ளுப்பூ மாதிரி ஒரே ஒரு மூக்கு."

நாற்காலிக்காரர் இருமுவது போலச் சிரிப்பை மறைத்தார். மகளுக்கு அதுகூட முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த அம்மாளுக்கு நிஜமாகவே இரண்டு மூக்குதான், முன்னாலிருந்து பார்த்ததையும் பக்கத்திலிருந்து பார்த்ததையும் வரைந்தவர் ஒரே முகத்தில் போட்டுவிட்டார், அதைப் பார்க்கத்தான் இவ்வளவு கூட்டம் என்றாள்.

டாக்ஸிக்காரர் படத்தைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார்.

அப்படியானால் எல்லாருக்குமே இரண்டா?

போன உயிர் திரும்பி வந்தது. வரைந்த மனுஷனை வாய் நிறைய வைதார். பிறகு மகளின் தோளில் கைபோட்டு, அவரும் சிரித்தார்.

"பயந்தே போயிட்டேம்மா. ரெண்டு ரெண்டா தெரியிறப்ப எல்லாம் ஒரு கண்ண மூடினா ஒண்ணாயிடும். இது ஆகவே இல்ல."

மகளின் சிரிப்பு நின்றது.

ஒரு கையை நீட்டினாள்.

இரண்டு கை தெரிந்தது.

டாக்ஸிக்காரர் இடக்கண்ணை மூடினார். மிச்சமிருந்த ஒரு கையில் சாவியை வைத்தார்.